மாந்தோப்பில் கட்டிய விளக்குச் சரம்

1

உங்கள் தமிழம்மா என்னைப் பனியைப் பற்றி எழுதச் சொன்னார். கனடாவில் இருக்கிறவனிடம் வேறு எதைக் கேட்பார்கள்? பள்ளி ஆண்டு மலருக்கு வெளிநாட்டில் இருக்கும் அப்பா ஒருவர் எழுத வேண்டும், எளிய தமிழில் இருந்தால் போதும் என்றார். எளிய தமிழ்தான் எனக்குத் தெரியும். பத்தாவது முடித்து ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவன் நான்.

பனியைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். எழுந்தேன். மறுபடி உட்கார்ந்தேன். ஜன்னலுக்கும் அடுப்புக்கும் நடந்ததுதான் மிச்சம். பனி வெள்ளையாக இருக்கிறது, குளிர்கிறது, காலையில் காரைத் தோண்டி எடுக்க வேண்டியிருக்கிறது. அதற்கு மேல் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

அதனால் ஒரு விளக்கைப் பற்றி எழுதுகிறேன். இரண்டு பென்டார்ச் பேட்டரியில் எரிகிற சின்ன எல்.இ.டி. விளக்குச் சரம். சுருட்டினால் சட்டைப் பையில் அடங்கும். எடை இரண்டு எலுமிச்சம்பழம் இருக்கும், பேட்டரியையும் சேர்த்து. இதைக் கட்டிக்கொண்டு காட்டில் தூங்குவது எப்படி என்று இங்கே கற்றுக்கொண்டேன். போன டிசம்பரில் லீவுக்கு வந்தபோது அதையே ஓசூரை அடுத்த பேரிகைப் பக்கம் ஒரு மாந்தோப்பில் கட்டினேன். நடந்தது உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தவர்கள் சிரிக்காமல் படிக்கவும்.

இதில் என் மகள் வருகிறாள். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "பேர மாத்திடுங்க" என்றாள். மாற்றிவிட்டேன். இதில் அவள் பெயர் பவித்ரா.

2

நான் எட்மண்டனுக்கு வெளியே ஒரு கம்பெனியில் வேலை செய்கிறேன். எண்ணெய்க் கிணறுகளுக்கு வால்வு செய்கிற இடம். ஓசூரில் பிரேக் டிரம் கடைந்த அதே கைதான் இங்கே வால்வு கடைகிறது. மெஷின் பேசும் மொழி எல்லா ஊரிலும் ஒன்று. மனிதர் பேசுவதில்தான் வம்பு. வந்த புதிதில் ஃபோர்மேன், ஷிப்ட் மாற்றினால் பரவாயில்லையா என்று கேட்டார். நம் ஊர் கம்பெனியில் சொல்வதுபோல, "அட்ஜஸ்ட் பண்ணிக்கிறேன்" என்பதை ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, எந்த மெஷினை என்று கேட்டார்.

என்னோடு வேலை செய்யும் டேவ்தான் முதல்முறை காட்டுக்குக் கூட்டிப்போனான். கோடையில் இங்கே யாரும் வீட்டில் இருப்பதில்லை. ஏரிக்கரையில் போய்த் தங்குகிறார்கள். எல்லோரும் கூடாரம் அடித்தார்கள். டேவ் மட்டும் இரண்டு பைன் மரத்துக்கு நடுவில் பாராசூட் துணியில் ஒரு ஹேமக் கட்டினான். நம் வீட்டில் குழந்தைக்கு ஏணை கட்டுகிறோமே, அதையே ஆள் நீளத்துக்கு நினைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேலே மரத்திலிருந்து மரத்துக்கு ஒரு கயிறு. கயிற்றின் மேல் மழைக்குத் தார்பாய். நேராகப் படுத்தால் முதுகு வாழைப்பழம் மாதிரி வளையும். கொஞ்சம் குறுக்காகப் படுத்தால் கட்டில் மாதிரி நிமிரும். இது தெரியாமல் முதல் நாள் முழுக்க முழித்துக் கிடந்தேன்.

அந்த மேல் கயிற்றில்தான் விளக்குச் சரம். டேவ் அதைக் கயிற்றின் மேல் லேசாகச் சுற்றி, துணி கிளிப்பால் இரண்டு மூன்று இடத்தில் பிடித்து, பேட்டரி டப்பாவைக் கால் பக்கம் தொங்கவிட்டான். தலை பக்கம் தொங்கினால் திரும்பும்போது நெற்றியில் இடிக்கும். டார்ச் அடித்தால் எதிரில் இருப்பவர் கண் கூசும். அடித்த இடம் தவிர மற்றதெல்லாம் இன்னும் இருட்டாகும். இந்தச் சரம் அப்படியில்லை. புத்தகம் படிக்கவும் செருப்பைத் தேடவும் போதுமான வெளிச்சம். இருட்டில் எழுந்து போய்த் திரும்பினால் நம் இடம் எது என்று தெரியும். மரத்துக்கு மரம் கட்டிய கயிறு கண்ணுக்குத் தெரிவதால், யாரும் அதில் கழுத்தைக் கொடுக்கவும் மாட்டார்கள். மஞ்சள் ஒளி வாங்க வேண்டும், வெள்ளை வேண்டாம், வெள்ளைக்குப் பூச்சி வரும். குளிர் அதிகமானால் பேட்டரி சோர்ந்துவிடும். பேட்டரியை மட்டும் கழற்றிச் சட்டைக்குள் வைத்துச் சூடு பண்ணிப் போட்டால் மறுபடி எரியும்.

அந்த இடத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது போர்டு. கரடி உலவும் இடம், சாப்பாட்டைப் படுக்கையில் வைக்காதே, பற்பசையைக்கூட வைக்காதே, எல்லாவற்றையும் இரும்புப் பெட்டியில் பூட்டு என்று படம் போட்டு எழுதியிருந்தார்கள். விறகு எங்கே எடுக்கலாம், நாயை எங்கே கட்டலாம், எத்தனை மணிக்குமேல் சத்தம் கூடாது, எல்லாவற்றுக்கும் போர்டு. ஒவ்வொன்றாகப் படித்தேன். படித்துவிட்டால் இந்த ஊரில் எப்படி இருப்பது என்று தெரிந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை வந்தது.

3

கனடாவுக்கு வந்ததைத்தான் எல்லோரும் பெரிதாகப் பேசுகிறார்கள். நான் முதலில் ஊரை விட்டுப் போனது ஓசூருக்கு. விருதுநகரில் பஸ் ஏறி, கம்பெனி வேலைக்கென்று வந்து இறங்கினேன். டீக்கடையில் பேப்பர் தமிழில் இருந்தது, கடைக்காரர் தெலுங்கில் பேசினார், பக்கத்தில் டீ குடித்தவர் கன்னடத்தில் பதில் சொன்னார், கம்பெனி பஸ் டிரைவர் மூன்றிலும் திட்டினார். என் தமிழைக் கேட்டு ஷிப்டில் சிரித்தார்கள். அங்கேயே கல்யாணம் ஆயிற்று. செல்விக்குப் பேரிகைப் பக்கம் ஒரு கிராமம். பவித்ராவும் கோகுலும் ஓசூரில் பிறந்தார்கள். அத்தனை வருஷத்தில் எனக்குத் தெலுங்கில் "சாப்பிட்டாச்சா" வரைக்கும்தான் வந்தது. பிள்ளைகள் தெருவில் ஒன்று, பள்ளியில் ஒன்று, மாமா வீட்டில் ஒன்று என்று பேசிக்கொண்டு திரிந்தார்கள்.

நான் இங்கே வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமை ஃபோன். முதல் வருஷம் பவித்ராதான் ஃபோனைப் பிடுங்குவாள். அடுத்த வருஷம் "நல்லா இருக்கேன்ப்பா, அம்மாகிட்ட தரேன்." அதற்கும் அடுத்த வருஷம், "குளிக்கிறாப்பா" என்று கோகுல் சொல்வான். ஒரு பெண் ஞாயிறுதோறும் அதே நேரத்தில் குளிப்பாளா? எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

பிறகு குடும்பத்தையே கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று வந்தது. அதற்கு விண்ணப்பம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம். வந்தாலும் வராவிட்டாலும் பெங்களூரில் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். காது தெரிகிற மாதிரி போட்டோ. சிரிக்கக் கூடாது. கடைசியில் ஒரு கேள்வி: இந்தப் பிள்ளை உடன் வருகிறதா, இல்லையா. கோகுலுக்குச் செல்வி "ஆம்" என்று எழுதிவிட்டாள். பவித்ராவுக்கு எழுதாமல் விட்டிருந்தாள்.

"ஏன் விட்ட?" என்று ஃபோனில் கேட்டேன்.

"அவ வாயத் தொறக்க மாட்டேங்கறா. மாமா வீட்ல இருந்துக்கறேன், பன்னெண்டாவது முடியட்டும்னு ஒரு நாள் சொன்னா. நீங்களே வந்து கேட்டுக்கங்க."

பன்னிரண்டாவது முடிய மூன்று வருஷம் இருந்தது. அதற்குப் பிறகு காலேஜ் என்பாள். அப்புறம் வேலை. அந்த இடத்தில் "இல்லை" என்று எழுதினால் என் மகளை லீவுக்கு லீவு பார்க்கிற விருந்தாளி ஆகிவிடுவேன். டிசம்பரில் கம்பெனி மூடும் நாட்களுக்கு டிக்கெட் போட்டேன். பெட்டியில் சாக்லேட் வைத்தேன், ஸ்வெட்டர் வைத்தேன். அவளுக்கு இங்கத்து வாழ்க்கையைக் காட்ட வேண்டுமே என்று ஹேமக்கையும் இரண்டு விளக்குச் சரங்களையும் வைத்தேன்.

4

வந்த அன்று மாலை ஓசூர் வீட்டின் கூடத்தில் விளக்குச் சரத்தைப் பிரித்து, எங்கே ஆன், எங்கே ஆஃப், பேட்டரி எப்படிப் போடுவது என்று காட்டினேன். கோகுல் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு ஆடினான். பவித்ரா டி.வி. பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பவே இல்லை.

அடுத்த வாரம் எல்லோரும் செல்வியின் தம்பி முருகேசன் வீட்டுக்குப் போனோம். முருகேசனுக்கு ஓசூரில் வண்டிக் கம்பெனியில் வேலை. காலையில் தோட்டம், மதியம் இரண்டாம் ஷிப்ட். ஊருக்கு வெளியே ஏரியின் இந்தக் கரையில் அவனுக்கு மாந்தோப்பு. அந்தக் கரையில் வரிசையாக ராகிக் கொல்லைகள்.

"ஒரு நாள் எல்லாரும் தோப்புல தங்குவோம் மச்சான். ஹேமக் கட்டி" என்றேன்.

அவன் துணியைத் தடவிப் பார்த்தான். "பெரியாளுக்கு ஏணை. அக்கா, வந்து ஆட்டி உடு, மாமா தூங்கட்டும்."

"கிண்டல் பண்ணாத. அங்க டாக்டர், இன்ஜினியர் எல்லாம் இதுலதான் படுக்கிறான்."

"படுக்கட்டும். நீங்க பகல்ல கட்டி ஆடுங்க. இருட்டறதுக்கு முன்ன வீட்டுக்கு வந்துடுங்க மாமா." சொல்லிவிட்டு, கம்பெனி பஸ் போய்விடும் என்று வண்டியை உதைத்துக் கிளம்பினான்.

பனிக்குச் சொல்கிறான், பூச்சி பொட்டுக்குச் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். கரடிக் காட்டில் தூங்கியவனுக்கு மாந்தோப்பில் என்ன? ஏழு, ஏழரைக்குத் திரும்பிவிடலாம், அதுவரை விளக்கைப் போட்டுக் காட்டலாம் என்பது என் திட்டம்.

பவித்ரா வரவில்லை. "நான் ரூபா வீட்டுக்குப் போறேன்" என்று செருப்பை மாட்டினாள். ரூபா அவள் வயதுப் பெண். அக்கரையில் ராகி வைத்திருக்கும் லட்சுமம்மாவின் மகள். "அப்பா இவ்ளோ தூரத்துலருந்து கொண்டாந்திருக்காரு" என்று செல்வி அதட்டினாள். "கோகுலுக்குக் காட்டுங்க" என்றுவிட்டுப் போய்விட்டாள். செல்வியும் அடுப்பில் வேலை இருக்கிறது என்று நின்றுகொண்டாள்.

நானும் கோகுலும் போனோம். நல்ல மரங்கள். ஆள் உயரத்தில் பட்டை நாடாவைச் சுற்றி ஹேமக்கை இழுத்துக் கட்டினேன். மேல் கயிறு கட்டினேன். அதில் ஒரு சரம். இரண்டாவது சரத்தை ஏரி பார்த்த மரங்களுக்குக் குறுக்கே உயரமாக, நீளமாகக் கட்டினேன். காரணம் சொல்ல வேண்டுமென்றால், அக்கரையில் இருந்து அவள் பார்க்கட்டும் என்றுதான்.

5

இருட்ட ஆரம்பித்ததும் போட்டேன். கோகுல் ஹேமக்கில் குறுக்காகப் படுத்து மேலே பார்த்தான். மஞ்சள் புள்ளிகள் மாவிலைக்கு நடுவில் வரிசையாக நின்றன.

"அப்பா, மேலேருந்து பாத்தா பிளேன் எறங்கற எடம் மாதிரி இருக்கும்."

"அங்க வந்தா ஏரி பக்கத்துல கட்டலாம். தண்ணியில நெழல் தெரியும்."

"அக்கா வருவாளா?"

"வருவா" என்றேன். சொன்ன வேகத்தில் எனக்கே நம்பிக்கை இல்லை.

அப்போதுதான் தகரம் அடிக்கிற சத்தம் கேட்டது. முதலில் ஏரிக்கு அந்தப் பக்கம் ஒன்று. கொஞ்ச நேரத்தில் வடக்கே ஒன்று. பிறகு எங்களுக்குப் பின்னாலேயே. "திருவிழாவாப்பா?" என்றான் கோகுல். டமார் என்று ஒரு வெடி. நாய்கள் எல்லாம் ஒன்றாகக் குரைத்தன. மூன்று பக்கமும் டார்ச் வெளிச்சம் ஆடி ஆடி வந்து தோப்பு ஓரத்தில் நின்றது. யாரோ, "மரத்துமேல ஏறுங்க, மரத்துமேல ஏறுங்க" என்று கத்தினார்கள்.

ஹேமக்கில் இருந்து அவசரமாக இறங்கக் கூடாது. அது கவிழும். கவிழ்ந்தது. நான் கோகுலைக் கட்டிக்கொண்டு சருகில் கிடந்தபோது டார்ச் வட்டத்துக்குள் முதலில் ஓடி வந்தது பவித்ரா. தாவணி இல்லை, துப்பட்டா இல்லை, காலில் செருப்பும் இல்லை. மூச்சு வாங்கியது.

"எங்க அவன்? கோகுலு எங்க?"

"இங்கதாம்மா இருக்கான். என்ன ஆச்சு?"

அவள் ஹேமக்கிடம் ஓடினாள். கால் பக்கம் தொங்கிய டப்பாவைப் பிடித்து, பார்க்காமலேயே கட்டை விரலால் ஸ்விட்சைத் தள்ளி அணைத்தாள். அடுத்து அந்த உயரச் சரத்துக்கு ஓடி அதையும் அணைத்தாள். அன்று டி.வி.யைப் பார்த்துக்கொண்டிருந்த பெண், டப்பாவில் ஸ்விட்ச் எந்தப் பக்கம் என்று பார்த்து வைத்திருக்கிறாள்.

பின்னால் ஒரு பெரியவர் வந்தார். நாராயணப்பா, பக்கத்துக் கொல்லைக்காரர். ஒரு கையில் எண்ணெய் டின், ஒரு கையில் கட்டை.

"எத்தன இருக்குது?" என்றார்.

"என்னது எத்தன?"

"ஆனைங்க."

"ஆனையெல்லாம் இல்லைங்க."

"பின்ன லைட்டு?"

"அது அழகுக்குங்க" என்றேன்.

பின்னால் ஒருவர், "அழகுக்காம்" என்று அடுத்தவருக்குச் சொன்னார். அடுத்தவர் அதைத் தெலுங்கில் இன்னொருவருக்குச் சொன்னார். யாரோ சிரித்தார்கள். நாராயணப்பா சிரிக்கவில்லை.

பவித்ராதான் எனக்கு விளக்கினாள். நான் ஓசூரில் இருந்த காலத்தில் யானை இந்தப் பக்கம் வந்து நான் கேள்விப்பட்டதில்லை. இப்போது மூன்று நான்கு வருஷமாக, ராகி முற்றும் காலத்தில் காட்டிலிருந்து கூட்டமாக வருகிறதாம். அதனால் ஏரியைச் சுற்றி இருக்கிறவர்கள் தங்களுக்குள் ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். அறுப்பு முடியும்வரை, இருட்டினால் தோப்பில் எந்த வெளிச்சமும் கூடாது. காவல் பரணில்கூட டார்ச்சை அணைத்துவிட்டுத்தான் உட்கார்வார்கள். யானை எந்தத் தோப்பில் நிற்கிறதோ, அங்கே இருப்பவர் மரத்தில் உயரமாக ஒரு விளக்கைக் கட்டுவார். அதைப் பார்த்ததும் எல்லாப் பரணிலிருந்தும் ஆட்கள் இறங்கி, தகரம் அடித்துக்கொண்டு அந்த இடத்துக்கு வர வேண்டும். ஒரு விளக்குக்கே ஊர் வரும். நான் கட்டியது ஒரு வரிசை.

"இருவது ஆனைன்னு நெனச்சேன் நான்" என்றார் ஒருவர்.

அப்போது ஏரிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. லாரி ஹாரன் உடைந்து ஒலிப்பது போல. சிரிப்பு நின்றது. கூட்டத்தில் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்ற லட்சுமம்மா திரும்பினார்.

"நம்ம பக்கம்" என்றார். அவ்வளவுதான். ஓடினார். எல்லோரும் அவர் பின்னால் ஓடினார்கள். காவலுக்கு ஒரு ஆள் இல்லாமல் அந்தக் கரை முழுக்கக் காலியாக இருந்தது.

6

ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மூன்று யானை. லட்சுமம்மா அறுத்துக் குவித்திருந்த ராகிப் போரைப் பிரித்துத் தின்று, மிச்சத்தைச் சேற்றில் மிதித்துவிட்டு, வெடிச் சத்தத்துக்கு மெதுவாகப் போயின.

ஷிப்ட் முடிந்து வந்த முருகேசன் தலையில் கை வைத்தான். "இருட்டறதுக்கு முன்ன வந்துடுங்கன்னு சொன்னனே மாமா."

"ஏன்னு சொல்லலையே மச்சான்."

"இத யாராச்சும் சொல்லுவாங்களா? இங்க கொழந்தைக்குத் தெரியும்."

அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. கரடிக்குப் பயந்து பற்பசையை எங்கே வைக்க வேண்டும் என்று தெரிந்த எனக்கு, மச்சான் தோப்பில் எப்போது விளக்கைப் போடக் கூடாது என்று தெரியவில்லை. அங்கே போர்டில் இருப்பது இங்கே ஆளிடம் இருக்கிறது. ஆளைத் தெரிந்தால்தான் அது கிடைக்கும்.

காலையில் லட்சுமம்மா கொல்லைக்குப் போனேன். பவித்ரா எனக்கு முன்னாலேயே ரூபாவோடு சேற்றில் உட்கார்ந்து கதிர் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் வரப்பில் நின்றேன்.

"கனடாக்காரரே, குனிஞ்சு பொறுக்குங்க" என்றார் லட்சுமம்மா. "நின்னு பாத்தா கதிரு தானா எழுந்து வராது."

குனிந்தேன். "என்னாலதான் இப்படி ஆச்சு. நீங்க காவல்ல இருந்திருந்தா போர் நின்னிருக்கும்."

"நின்னிருக்கும்" என்றார். மறைக்கவில்லை. "எங்ககூட பரண்ல இருந்த உங்க பொண்ணு லைட்ட பாத்ததும் சொல்லிட்டா, அது ஆனை இல்ல அத்தே, எங்கப்பா கொண்டாந்த லைட்டுன்னு. ரூபா கூட அப்ப எறங்க வேணாம்னா. நாந்தான் சொன்னேன், அப்பனா ஆனையான்னு கிட்டப் போனாத்தான தெரியும்? அதக் கேட்டு பயந்து இவ எறங்கி ஓடறா. எங்கப்பா, எங்கப்பான்னு. பின்னாடி போவாம பரண்ல உக்காந்திருக்கறதா?"

பவித்ரா குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

"நான் எதாவது..." என்று ஆரம்பித்தேன்.

"சாயந்திரம் வரைக்கும் பொறுக்குங்க. போதும். இடுப்பு ஒடியும், அது உங்களுக்கு."

ஒடிந்தது. மதியம் களியும் கீரையும் கொடுத்தார். வேப்ப மர நிழலில் நானும் பவித்ராவும் தட்டோடு உட்கார்ந்தோம். வந்த நாளிலிருந்து நாங்கள் இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அந்த விண்ணப்பத்தைப் பற்றிக் கேட்கவே பயமாக இருந்தது. அவளே ஆரம்பித்தாள்.

"அங்க கரடி வந்தா எப்படித் தெரியும்?"

"போர்டு போட்டிருப்பாங்க."

"போர்டு போடாத விஷயத்த யாரு சொல்லுவாங்க?"

"நான் சொல்றேன்மா."

"நீங்க ஷிப்டுல இருப்பீங்கப்பா." கோபமில்லாமல்தான் சொன்னாள். "அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது. கோகுலு சின்னவன். ஏதாச்சும் ஒண்ணுன்னா யாரு ஓடி வருவா? நீங்க இருக்கற எடத்துல பக்கத்து வீட்ல யாரு இருக்காங்க?"

யோசித்தேன். மூன்று வருஷம் அந்த மாடியில் இருக்கிறேன். எதிர்க் கதவில் நம்பர் தெரியும். லிஃப்டில் "ஹலோ" சொல்வோம். பெயர் தெரியாது.

"தெரியாது" என்றேன்.

அவள் களியை உருட்டினாள். "அதான் எனக்கு வரப் பிடிக்கல. குளிருக்கு இல்ல, ஃபிரண்ட்ஸுக்கு இல்ல. அம்மா அதெல்லாம் சொல்லியிருப்பாங்க. நாங்க வந்து நாலு பேரும் ஒரு ரூமுக்குள்ள இருப்போம். வெளிய என்ன நடக்குதுன்னே தெரியாது."

நான் தட்டைக் கீழே வைத்தேன்.

"மூணு வீடு" என்றாள்.

"என்னம்மா?"

"நாங்க வர்றதுக்குள்ள மூணு வீட்டு ஆளுங்களத் தெரிஞ்சு வையுங்க. ஹலோ இல்ல. கூப்புட்டா செருப்பு போடாம வர்ற மாதிரி. மூணு இருந்தா வரேன்."

"சும்மா சொல்றியா?"

"நான் எதுக்குச் சும்மா சொல்றேன்? நீங்க வேணா சும்மா செய்யாதீங்க."

அன்று மாலை வீட்டுக்குப் போய், விண்ணப்பத்தின் காலி இடத்தில் அவளே "ஆம்" என்று எழுதினாள். "மூணு இல்லன்னா ஏர்போர்ட்லருந்து திரும்பிடுவேன்" என்று செல்வியிடம் சொன்னாள். செல்வி என்னைப் பார்த்தாள். ஒரு வால்வைத் தப்பாகக் கடைந்தால் எடுத்துப் போட்டுவிட்டு வேறு கடையலாம். இதை எந்த மெஷினில் போடுவது?

7

இப்போது இங்கே பனி. விண்ணப்பம் எங்கோ ஒரு மேசையில் இருக்கிறது. எப்போது வேண்டுமானாலும் பதில் வரலாம் என்கிறார்கள். வீட்டில் இருந்தால் உட்கார முடியவில்லை.

முதல் வீடு கீழ் மாடியில் தெரேசா. பிலிப்பைன்ஸ்காரர், முதியோர் இல்லத்தில் வேலை. துணி துவைக்கும் அறையில் பேச்சுக் கொடுத்தேன். பேச்சுக் கொடுத்தேன் என்பது பெரிய வார்த்தை. அவருடைய சோப்பைப் பற்றிக் கேட்டேன். அவருக்கும் ஊரில் ஒரு மகள். அந்த மகளும் ஞாயிற்றுக்கிழமைகளில் குளிப்பாளாம். நான் சிரித்தேன், அவரும் சிரித்தார். அடுத்த வாரம் பைப் உடைந்தது என்று என்னைத்தான் கூப்பிட்டார். வெறுங்காலோடு ஓடினேன். திரும்பும்போதுதான் காலைப் பார்த்தேன்.

இரண்டாவது எதிர்க் கதவுக் கிழவர். முறுக்குச் சுட்டு ஒரு தட்டில் கொண்டுபோய்த் தட்டினேன். கதவைச் சங்கிலி போட்டபடி விரல் அளவுக்குத் திறந்து, என்ன விற்கிறாய் என்று கேட்டார். விற்கவில்லை, என் மகள் கேட்டுக்கொண்டாள் என்றேன். தட்டை வாங்கிக்கொண்டு மூடிவிட்டார். மறுநாள் தட்டு கழுவித் துடைத்து என் வாசலில் இருந்தது. அதற்குப் பிறகு லிஃப்டில் பார்த்தால் தலையை ஆட்டுகிறார்.

ஞாயிற்றுக்கிழமை ஃபோனைப் பவித்ராதான் எடுத்தாள். இப்போதெல்லாம் அவள்தான் எடுக்கிறாள்.

"எத்தன?"

"ஒண்ணரை."

"அர கணக்குல வராதுப்பா."

இதை எழுதிக்கொண்டிருந்த பேப்பரை அப்படியே வைத்துவிட்டு இன்று மாலை தாழ்வாரத்தின் கடைசிக் கதவுக்குப் போனேன். அங்கே யார் இருக்கிறார்கள் என்றே தெரியாது. ஒரு முறை குழந்தை அழும் சத்தம் கேட்டிருக்கிறேன். என்ன பேசுவது என்று ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். தட்டினேன். உள்ளே டி.வி. சத்தம் குறைந்தது. காலடி கதவுவரை வந்து நின்றது. திறக்கவில்லை.

"யார்? ஏதாவது ஆபத்தா?" என்று ஒரு பெண் குரல்.

மனப்பாடம் செய்ததெல்லாம் போய்விட்டது. "இல்லை" என்றேன். "ஆபத்து எதுவும் இல்லை. அது வருவதற்கு முன்னாலேயே வந்திருக்கிறேன்."

உள்ளே சங்கிலியைக் கழற்றினார்கள்.